அத்தானுக்கு ஓர் அறை

ஆறு நாள் பயிற்சியில் ஒரு மனிதனை முதலாளி ஆக்கிவிடலாம் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைக் கொண்டுவந்து என் அச்சாபீஸ் முக்காலியில் ஒரு மாதம் உட்காரவைக்க வேண்டும். எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வேறு தண்டனை தேவையில்லை.

எதிர்வீடு ராஜபாண்டியின் வீடு. விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிக் குடும்பம். மழை தொடர்ந்து ஏமாற்றியதில் மிளகாயையும் பருத்தியையும் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் ராஜபாண்டி பார்க்காத தொழில் இல்லை, தங்கிய தொழிலும் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் கொஞ்ச நாள் எடுபிடி. அப்புறம் கறிக்கோழிப் பண்ணை. கோழிகள் செத்தன. அப்புறம் எஸ்.டி.டி. பூத். அவன் சொந்தக்காரர்களே வரிசையில் நின்று ஓசியில் பேசி அதை மூடவைத்தார்கள். அதற்கும் அவன் கோபப்படவில்லை. 'எல்லாம் நம்ம ஆளுகதானே அண்ணாச்சி' என்று என்னிடம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால், அது அவன் பெண்டாட்டி உமாராணியின் கடலைமிட்டாயால்தான்.

உமாராணியை நல்லவள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நாக்கு அரம். தெருக்குழாயில் அவள் குடத்தை யாராவது அரை அடி நகர்த்திவிட்டால் அன்றைக்கு முழுவதும் அவர்கள் வம்சத்தையே இழுப்பாள். எனக்கு மிட்டாய் தரும்போது ஓரம் உடைந்த துண்டாகப் பொறுக்கித்தான் தருவாள், விலையில் மட்டும் உடைசல் கிடையாது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விடிவதற்குள் மணலைச் சூடாக்கிக் கடலையை வறுத்து, சாக்கில் கொட்டித் தேய்த்து, சுளகில் புடைத்துத் தோலைப் பறக்கவிட்டு, பருப்பை இரண்டாக உடைத்து வைத்துவிடுவாள். எங்கள் வாசல் வரைக்கும் செந்தோல் பறந்து வந்து கிடக்கும். அப்புறம் வெல்லப்பாகு. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது கல்லாக இறுகியதும் கடலையைக் கொட்டிக் கிளறுவாள். பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டித் தேய்த்து, சூடு இறங்குவதற்குள் கத்தி போடுவாள். பக்கத்துத் தெரு பொன்மணி கூலிக்கு வந்து கூடமாட நிற்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை, பேச நேரம் இருக்காது.

அந்த வீட்டில் இரண்டே அறைகள், கதவு திறந்திருந்தால் என் முக்காலியிலிருந்தே பின்னறை வரைக்கும் தெரியும். முன்னறை ஓட்டுக்கூரை, நாலு இடத்தில் ஒழுகும், அதன் மூலையில்தான் அடுப்பு. பின்னறைக்கு மேலே தளம் போட்டிருந்தது, ஈரம் அண்டாது. மிட்டாயை ஆறவைப்பது, வெட்டுவது, டின்னில் அடைப்பது எல்லாம் பின்னறையில்தான். வெல்லம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். மழைக்காலத்தில் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலும் பிசுபிசுத்துப்போகும். அந்த அறை இருந்ததால்தான் ஐப்பசியிலும் உமாராணியின் மிட்டாய் கடித்தால் 'படக்' என்றது. விளாத்திகுளத்துப் பலசரக்கு வியாபாரி அழகிரிசாமி, கோவில்பட்டியில் பெரிய பெரிய மிட்டாய்க் கம்பெனிகள் இருக்கும்போது, இந்தச் சந்துக்குள் வந்து டின் டின்னாகக் கேட்டு வாங்கியதும் அதனால்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணியில் ராஜபாண்டி திருநெல்வேலிக்குப் போனான். யாரோ கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, 'சிறுதொழில் தொடங்க நிர்வாகப் பயிற்சி' நடத்தினார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. போனவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பைலோடு திரும்பி வந்தான். வீட்டுக்குள் போகாமல் நேரே என் அச்சாபீசுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, நிர்வாகம்னா என்னன்னு தெரியுமா?"

"நீயே சொல்லு."

"நம்ம வேலைய அடுத்தவங்க மூலமாச் செஞ்சு முடிக்கிறதுதான் நிர்வாகம். டை கட்டுன சார் சொன்னாவ."

"அப்படின்னா உனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து நீ நிர்வாகம்தானலே பண்ணிக்கிட்டு இருக்கே. அதுக்கு எதுக்குத் திருநெல்வேலி வரைக்கும் போனே?"

அவனுக்கு உறைக்கவில்லை. பைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டினான். கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்திருந்தது. உச்சிக் கட்டத்தில் நிர்வாக இயக்குநர் என்று எழுதி ராஜபாண்டி என்று போட்டிருந்தது. கீழே உற்பத்தி, விற்பனை, கணக்கு. அதற்கும் கீழே தொழிலாளர்.

"யாரு யாருக்குப் பதில் சொல்லணும்னு தெளிவா இருந்தாத்தான் தொழில் நிக்குமாம் அண்ணாச்சி. நம்ம நாட்டுல தொழில் படுக்குறதே இது இல்லாமத்தான்."

விசிட்டிங் கார்டும் லெட்டர்பேடும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. என் பேரைப் போட்ராதீங்க. அத்தான் வந்திருக்காவ."

அத்தான் என்பது அவன் அக்கா பாலம்மாளின் புருஷன் வன்னியபெருமாள். அவர்கள் குடும்பங்களில் அக்கா மாப்பிள்ளைக்கு மேலே சாமி மட்டும்தான். பந்தியில் முதல் இலை அவருக்கு. கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயர் அவருடையது. அவர் முகம் சுளித்தால் கிடா வெட்டு நின்றுபோகும். சாவு வீட்டில் அவர் வரும்வரை பாடைத் தேர் புறப்படாது. இந்த வன்னியபெருமாள் இதுவரை செய்த வேலை, இப்படி ஒவ்வொரு வீட்டிலும் முதல் ஆளாக உட்கார்ந்ததுதான். உடம்பும் அதற்குத் தோதாக வளர்ந்திருந்தது.

"மச்சினன் கம்பெனியில நான் ரெண்டாவது கட்டத்துல இருக்கணுமாக்கும்னு கேட்டுட்டாவ அண்ணாச்சி. அக்கா அழுதுட்டா."

"அவர ஏன்ல கம்பெனியில சேக்கணும்?"

"கம்பெனி ஆரம்பிச்சுட்டு அத்தானைச் சேக்கலைன்னா ஊரு என்ன சொல்லும்?"

எந்த ஊர் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனான்.

ஆக, உச்சிக் கட்டம் அத்தானுக்குப் போனது. அத்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சித்தப்பாவை விடமுடியுமா? மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவனாண்டிச் சித்தப்பாவைத் 'தலைவர் மற்றும் உற்பத்தி' என்று போட்டார்கள். அவருக்குக் கடலையை வாயில் போட்டுத்தான் பழக்கம். பெரியப்பா மகன் வெயிலுமுத்து வயதில் மூத்தவன். தம்பிக்குக் கீழே அண்ணன் நிற்கலாமா? அவன் விற்பனை மேலாளர். கடைசியில் கம்பெனியைத் தொடங்கிய ராஜபாண்டி நாலாவது கட்டத்தில் கணக்கு என்று குத்தவைத்திருந்தான். கம்பெனிக்குப் பெயர், அக்கா அழாமல் இருப்பதற்காக, ஸ்ரீ பாலம்மாள் புட் புராடக்ட்ஸ். தொழிலாளர் என்கிற கட்டத்தில் பொன்மணி பெயர் இருந்தது. உமாராணியின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் அச்சடித்தேன்.

ஊரில் அவர்கள் நிலத்தில் மண்டியிருந்த வேலிக்கருவை மரங்களை வெட்டிக் கரிமூட்டம் போட விட்ட காசில் மேசையும் சுழல்நாற்காலியும் வந்து இறங்கின. அன்றைக்குத்தான் எதிர்வீட்டில் முதல் சத்தம்.

"பின்னறையில எதுக்கு மேசை? அங்கன நான் மிட்டாய் ஆறப்போடணும்ங்க."

"முன்னறை ஒழுகுதேட்டி. அத்தான் தலையில சொட்டினா நல்லாவா இருக்கும்?"

"மிட்டாய்ல சொட்டினா நல்லா இருக்குமாக்கும்?"

"நீ முன்னறையில ஓரமா வச்சுக்கயேன். தார்ப்பாய் ஒண்ணு வாங்கிக் கட்டித் தாரேன்."

"ஐப்பசி வருது. முன்னறையில போட்டா ஒட்டிக்கிடும். பின்னறை போச்சுன்னா என் வியாபாரம் போச்சு. தெரிஞ்சுதான் செய்யுதீங்களா?"

"உன் வியாபாரம் என் வியாபாரம்னு பேசாதட்டி. இப்ப அது கம்பெனி."

இவ்வளவுதான் விஷயம். ஒரு காய்ந்த அறை. அதை அவளிடம் விட்டிருந்தால் கம்பெனி என்ன, கப்பலே விட்டிருக்கலாம். அத்தான் அந்த அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நாற்காலியை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் நடந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பத்து மணிக்கு அதிகாரிகள் வருவார்கள். வந்தவர்கள் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்களுக்குக் காப்பி தராமல் இருக்கமுடியாது. பாகுச் சட்டியை இறக்கிவிட்டு உமாராணி காப்பி போடுவாள். அத்தானுக்குச் சீனி தூக்கலாக, சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, வெயிலுமுத்துக்குச் சுக்குக்காப்பி. பதினொன்றரைக்கு மறுபடி சட்டியை இறக்கி உலை வைப்பாள். முதல் நாள் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்ததற்கு அத்தான் தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஆபீஸ்ல உக்காந்து கம்பஞ்சோறா? வாரவன் போறவன் பாத்தா என்ன நினைப்பான் மாப்ள?"

அந்தச் சந்துக்குள் வருகிறவன் போகிறவன் நான் ஒருவன்தான். நான் நினைப்பதைச் சொன்னால் அவர் தாங்கமாட்டார். மறுநாள் முதல் நெல்லுச்சோறு, சாம்பார், ரசம், அப்பளம். சாப்பிட்டுவிட்டு மேசையில் தலைசாய்த்து அத்தான் விடும் குறட்டை என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஸ்ரீ பாலம்மாள் புட் புராடக்ட்ஸில் தினம் தவறாமல் உற்பத்தியானது மத்தியானச் சோறு ஒன்றுதான்.

பொன்மணி ஒரு வாரம் தாங்கினாள். பாகு கொதிக்கும்போது சித்தப்பா எட்டிப்பார்த்து, "பத்தாது, இன்னும் கிண்டு" என்பார். வெயிலுமுத்து, "கருகுது, இறக்கு" என்பான். உள்ளேயிருந்து அத்தான், "அங்கன என்ன சத்தம்? யாரைக் கேட்டு இறக்குதீங்க?" என்பார். ஒருநாள் அவள் கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டுவிட்டு எழுந்தாள்.

"இந்தா பாருங்க, ஒருத்தரு ஏசினா வாங்கிக்கிடுவேன். மூணு பேருகிட்ட ஏச்சு வாங்க எனக்குக் கூலி கட்டாது."

அன்றைய பாகு கரியாகிப் போனது. கரியான சட்டியை உமாராணி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, பின்னறையில் கூட்டம் போட்டுத் தொழிலாளர் ஒழுங்கைப் பற்றிப் பேசினார்கள். ராஜபாண்டி குறிப்பெடுத்தான். அவனை அப்போது நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் வீட்டிலேயே இவ்வளவு சந்தோஷமாகச் சிறுத்துப்போக முடியுமா என்று இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் கரிசல் சேறு. சைக்கிளைத் தள்ளினால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகராது, தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு அழகிரிசாமி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தார். பொன்மணியும் இல்லாமல் உமாராணி ஒற்றை ஆளாக நின்று செய்து முடித்தாள். முன்னறையில் தார்ப்பாய்க்குக் கீழே பலகையை வைத்து, பக்கத்தில் கரியடுப்பை மூட்டி அனல் காட்டி, ஈரத்தோடு மல்லுக்கு நின்றாள். இடையில் ஒருதரம் ராஜபாண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலே நாளு உங்க அத்தானை முன்னறையில உக்காரச் சொல்லுங்க. இந்தச் சரக்கு போய்ச் சேர்ற வரைக்கும்."

"எப்படிட்டி சொல்ல? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாவன்னா?"

"போகட்டுமே."

"அக்கா நிலைமையை நினைச்சுப் பாத்தியா?"

அக்கா நிலைமை நன்றாகத்தான் இருந்தது. புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராத சந்தோஷத்தில் அவள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

டின்கள் பஸ் ஏறிப் போன மூன்றாம் நாள் அழகிரிசாமியே வந்துவிட்டார். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. கூட வந்தவன் டின்களை வாசலில் இறக்கினான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு டின்னைத் திறந்து காட்டினார். எல்லா மிட்டாயும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகக் கிடந்தது.

"என்ன தாயி இது? இத்தனை வருஷத்துல உன் சரக்கு ஒருநாள் இப்படி வந்தது இல்லையே. பிள்ளைக வாயில போட்டுட்டுப் பல்லைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக."

உமாராணி டின்னைப் பார்த்தாள். பாளத்தின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள், ஒரு துண்டுகூடப் பிரியவில்லை.

"ஆறப்போட இடமில்ல அண்ணாச்சி," என்றாள் கடைசியில்.

"பின்னறை என்னாச்சு?"

அப்போதுதான் பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"யாருவே அது? சேத்துக்காலோட உள்ள வந்து பொம்பளைகிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கது? கம்பெனின்னா ஒரு முறை இல்லையா? மேனேஜிங் டைரக்டர் ஒருத்தன் உள்ள உக்காந்திருக்கேன்."

அழகிரிசாமி எட்டிப் பார்த்தார். மேசை, நாற்காலி, விசிறி, நாற்காலியில் நிரம்பி வழிந்த அத்தான், வேட்டி நுனியால் காது குடைந்துகொண்டிருந்த சித்தப்பா, எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வியாபாரி. ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிட்டார்.

"இதைத்தான் ஆறப்போட இடமில்லைன்னு சொன்னியாக்கும்," என்றார். பிறகு ராஜபாண்டி பக்கம் திரும்பினார். "தம்பி, நான் சுருக்கமா சொல்லுதேன். இந்தத் தாயி தனியா, அந்த ரூம்ல வச்சு, முன்ன மாதிரிச் செஞ்சு தந்தா நாளைக்கே வந்து எடுத்துக்கிடுதேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு. இல்லைன்னா இன்னையோட சரி. யோசிச்சுச் சொல்லு."

"எங்க வந்து யாருகிட்டவே நிபந்தனை போடுதீரு?" என்று அத்தான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "உம்ம மாதிரி ஆயிரம் பேரு வருவான். கிளம்பும்."

ராஜபாண்டி வாயைத் திறந்தான். நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். உமாராணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவன் ஆண்பிள்ளையாக ஒரு சொல் சொல்லியிருந்தால், இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

"அண்ணாச்சி, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க," என்றான் அவன்.

அழகிரிசாமி தலையில் அடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் அவசரக் கூட்டம். சரக்கு திரும்பியதற்குக் காரணம் உற்பத்தியில் கவனக்குறைவு என்று சித்தப்பா சொன்னார். உற்பத்தி அவர் பொறுப்பு என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. வெயிலுமுத்து ஆமாம் என்றான். கதவோரம் நின்ற உமாராணி கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கம்பெனியில நான் யாரு?"

அத்தான் சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா வெயிலுமுத்துவைப் பார்த்தார். ராஜபாண்டிதான் சமாதானமாகச் சொன்னான்.

"நீ வீட்டு ஆளு. உனக்கு எதுக்குட்டி போஸ்ட்டு?"

அவள் தலையாட்டிக்கொண்டாள். எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை, நான் கடை திறக்கும்போது, உமாராணி தூக்குச்சட்டியோடு சந்திலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்மணி. பைபாஸ் பக்கம் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் பொன்மணியோடு உமாராணியும் கூலிக்குச் சேர்ந்துவிட்டாள். பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து அடுப்பங்கரையைப் பார்த்தார்கள். அடுப்பு சாம்பலாகக் கிடந்தது. காலை முழுக்கக் காப்பிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, மத்தியானம் அத்தான் பசியோடு எழுந்து போனார். இரண்டு மாதத்தில் அவர் வேகமாக நடந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாலம்மாள் பொழுதுசாய வந்து வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏட்டி, கம்பெனிக்காரன் பொண்டாட்டி கூலிக்குப் போறதா? எங்க வீட்டு மானம் என்னட்டி ஆகுறது?"

"மைனி, அங்கன எனக்கு மேல ஒரே ஒரு மேஸ்திரி. அவுக ஒருத்தருக்குப் பதில் சொன்னாப் போதும். மத்தியானம் ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிட விடுதாவ. கல்யாணம் முடிச்சு வந்த நாள்லருந்து நான் உக்காந்து சாப்பிட்டது இன்னைக்குத்தான்."

சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து, குச்சியால் செருப்பில் அப்பிய கரிசலைச் சுரண்ட ஆரம்பித்தாள். பாலம்மாள் கத்திக் களைத்துப் போய்விட்டாள். உமாராணி முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. சொந்தமாக வளர்த்த தொழிலை விட்டுவிட்டு, இன்னொருவன் சட்டியில் பாகு கிண்டிவிட்டு வந்தவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்குத் துக்கமாக இருந்தது. அந்த வீட்டுக்குள் புகுந்து அந்தச் சுழல்நாற்காலியைத் தெருவில் இழுத்துப் போடவேண்டும் போலவும் இருந்தது.

ராஜபாண்டி உள்ளேயிருந்து வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். எனக்கும் இந்த வயதில் புத்தி இவ்வளவுதான்.

"ஏட்டி, அந்த மேஸ்திரி ஆளு எப்படி?"

"எப்படின்னா?"

"இல்ல, நீ சொன்னாக் கேப்பாவளா?"

"என்னத்தைக் கேக்கணும்?"

"அத்தான் பாவம், சும்மாதானே இருக்காவ. அங்கன சூப்பர்வைசர் வேலை எதுவும் காலி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

அவள் கை நின்றது. செருப்பு கையில்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அவள் மறுபடி சுரண்டத் தொடங்கினாள்.

"சட்டி கழுவ ஆளு வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ. காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க."

ராஜபாண்டி யோசித்தான். நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தான்.

"அது அத்தானுக்கு மரியாதையா இருக்காதே."

"அப்ப நீங்க வாங்க."

"நானா? நானும் வந்துட்டா கம்பெனியை யாருட்டி பாக்குறது?"

உமாராணி செருப்பைச் சுவரோரம் விட்டாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் சோறாக்கி முடிக்கட்டும் என்று அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.